ஓய்ந்துபோன தொழில் சங்கத்தை மறுபடி நடத்துவது எப்படி? திருகோணமலையில் புதிதாகப் பொறுப்பெடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு சங்கத்தின் செயலாளர் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது படகு எஞ்சின் திருத்துபவர்களின் சங்கமாக இருக்கலாம், சுற்றுலா விடுதி நடத்துபவர்களின் சங்கமாக இருக்கலாம், வயரிங் வேலை செய்பவர்களின் சங்கமாகவும் இருக்கலாம். பட்டியலில் நிறையப் பெயர்கள். கூட்டத்துக்கு வருவது ஏழெட்டுப் பேர், அவர்களிலும் முக்கால்வாசிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். கடைசியாகக் கூட்டக் குறிப்பு எழுதிய கொப்பி யார் வீட்டில் கிடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. "தம்பி, இனி நீங்கதான் பார்த்துச் செய்யோணும்" என்று சொல்லி சங்க முத்திரை குத்துகிற ரப்பர் சீலைக் கையில் தந்துவிட்டார்கள். அப்படிப் பொறுப்பெடுத்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு நன்றாகத் தெரிந்தது எஞ்சின் மெக்கானிக்மாரின் உலகம். அதனால் உதாரணங்களை அங்கிருந்தே எடுக்கிறேன். மற்றத் தொழில்காரர் தங்கள் வேலைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். சங்கத்தை எழுப்பப் புறப்படுபவர்கள் பெரும்பாலும் நிர்வாகத் தெரிவில்தான் கை வைப்பார்கள். புதுத் தலைவர், புதுப் பொருளாளர், புதுப் பெயர்ப்பலகை என்று எல்லாம் மாறும். ஆறு மாதத்தில் பழையபடி அதே ஏழெட்டுப் பேர்தான் இருப்பார்கள். தன் வேலையில் சிக்கிக்கிடக்கும் ஒரு விஷயத்துக்கு அங்கே விடை கிடைக்கும் என்று தெரிந்தால்தான் தொழில் செய்கிற ஆள் ஒரு நாள் உழைப்பை விட்டுவிட்டு வருவார். ஆகவே இந்த வழிகாட்டியில் வேலையைப் பற்றிய பேச்சு முதலில் வரும், பதவியும் சங்கத்தின் விதிகளான யாப்பும் கடைசியில் வரும்.

முதற்படி: ஏன் ஓய்ந்தது என்று கண்டுபிடியுங்கள்

எங்கள் மாவட்டத்தில் பல சங்கங்கள் 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு தொடங்கியவை, அல்லது அப்போது தூசு தட்டி எழுப்பப்பட்டவை. வள்ளம், எஞ்சின், வலை, கருவிப் பெட்டி என்று உதவி வந்த காலம் அது. உதவி கொடுத்தவர்கள் தனி ஆளிடம் கொடுப்பதைவிடச் சங்கத்தின் ஊடாகக் கொடுக்கவே விரும்பினார்கள். அதனால் ஆக்கள் சேர்ந்தார்கள். உதவி நின்றபோது சேர்ந்திருக்கிற காரணமும் நின்றுவிட்டது.

வேறு சில சங்கங்கள் போர்க்காலத்தவை. கடலுக்குப் போக அனுமதி, எஞ்சினின் குதிரைவலுவுக்குக் கட்டுப்பாடு என்று இருந்த நாட்களில் அதிகாரிகளோடு பேச ஒரு பொதுவான குரல் தேவைப்பட்டது. 2009க்குப் பிறகு கட்டுப்பாடுகள் தளர, அந்தத் தேவையும் குறைந்தது.

பிறகு வந்தது 2022. லீற்றர் 87 ரூபாய்க்கு விற்ற மண்ணெண்ணெய் அந்த ஓகஸ்டில் 340 ரூபாயாகியது. அதற்கு முந்திய மாதங்களில் காசு இருந்தாலும் எண்ணெய் கிடைக்கவில்லை. வள்ளங்கள் கரையில் கிடந்தால் எஞ்சின் திருத்துபவருக்கு என்ன வேலை? இளம் மெக்கானிக்மார் கட்டாருக்கும் சவூதிக்கும் போனார்கள். சங்கங்களில் வயது போனவர்கள் மட்டும் மிஞ்சியதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் சங்கம் இவற்றில் எந்த வகை என்று தெரிந்துகொள்வது அவசியம். உதவிக்காகச் சேர்ந்த சங்கத்தில் நீங்கள் கூட்டம் வைத்தால் முதற்கேள்வி "இந்த முறை என்ன தருவினம்?" என்றுதான் வரும். அதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள்: "ஒண்டும் தரமாட்டினம். நாங்கள் எங்களுக்குள்ள கொடுத்து வாங்கப் போறம்." சிலர் எழுந்து போவார்கள், போகட்டும். இளையவர்கள் வெளிநாடு போனதால் ஓய்ந்த சங்கம் என்றால், மிஞ்சி நிற்பவர்களின் கைத்திறன் யாருக்குப் போய்ச் சேரப்போகிறது என்பதுதான் அங்கே பெரிய கவலை. அப்படியான இடத்தில் மூத்தவர்கள் நீங்கள் நினைப்பதைவிட ஆர்வமாக ஒத்துழைப்பார்கள்.

இரண்டாம் படி: மூத்தவர்களை வீட்டில் போய்ச் சந்தியுங்கள்

கூட்டம் வைப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். கடிதம் அனுப்பாதீர்கள், போனிலும் முடிக்காதீர்கள். திருக்கடலூரில் ஒருவர், சீனக்குடாவில் ஒருவர், கிண்ணியாவில் ஒருவர், இறக்கண்டியில் ஒருவர் என்று பழைய அங்கத்தவர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பாருங்கள். தனியே கதைக்கும்போது ஒரு ஆள் சொல்வதும் சபையில் அதே ஆள் சொல்வதும் ஒன்றாக இருக்காது. யார் யாரோடு கோபம், எந்தக் கணக்கு முடிக்கப்படாமல் கிடக்கிறது, யார் ஏன் வராமல் விட்டார் என்பதெல்லாம் வீட்டுத் திண்ணையில்தான் வெளியே வரும்.

போகும்போது மூன்று விஷயம் கேளுங்கள். சங்கத்தின் காகிதங்கள் ஏதாவது உங்களிடம் இருக்கிறதா? நீங்கள் தொழில் தொடங்கியபோது யாரிடம் பழகினீர்கள்? இப்போது உங்களிடம் வருகிற வேலையில் உங்களை அதிகம் மினக்கெடுத்துவது எது?

முதற்கேள்விக்கு உங்களுக்கு ஒரு பதிவுக் கடிதமோ பழைய வங்கிப் புத்தகமோ கிடைக்கலாம். இரண்டாவது கேள்வி அவரைப் பேச வைக்கும். மூன்றாவதுதான் உங்களுக்கு வேண்டிய விஷயம். அந்தப் பதில்களை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். நாலைந்து வீடு போய்வந்தால் முதல் மூன்று கூட்டத்துக்கு வேண்டிய பேச்சுப் பொருள் உங்கள் கையில் இருக்கும்.

மூத்தவர்களை "ஆலோசகர்" என்று ஒரு பட்டம் கொடுத்து ஓரமாக இருத்துகிற பழக்கம் எங்கள் ஊர்ச் சங்கங்களில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மாலை போட்டு மேடையில் இருத்திவைத்தால் அந்த ஆளிடம் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். நாற்பது வருடம் எஞ்சின் பிரித்துப் பூட்டிய கைக்கு ஒரு வேலை கொடுங்கள்.

மூன்றாம் படி: கேள்விக் கூட்டம்

இதுதான் முக்கியமான படி. மற்ற எல்லாவற்றையும் அரைகுறையாகச் செய்தாலும் இதைச் சரியாகச் செய்தால் சங்கம் நடக்கும்.

மாதம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம் போதும். மண்டபம் வேண்டாம், யாராவது ஒருவருடைய கராஜில் வையுங்கள். ஒரே ஒரு கேள்வி, அந்தக் கேள்விக்குரிய பழுதான பாகம் மேசையில் இருக்க வேண்டும். வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை ஒன்றும் வேண்டாம். கேள்வி கொண்டுவந்தவர் எழுந்து விஷயத்தைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்க வேண்டும்.

அப்படியொரு கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு இளம் மெக்கானிக் போத்தலில் கொஞ்சம் கியர் ஒயில் கொண்டுவந்திருந்தார். வள்ளத்துக்கு வெளியே பின்பக்கம் பூட்டுகிற வெளியிணைப்பு எஞ்சினின் அடிப்பாகத்திலிருந்து வடித்தது. பால் தேத்தண்ணி நிறம். தண்ணீர் உள்ளே போகிறது என்பது எல்லோருக்கும் பார்த்தவுடனே விளங்கியது. அவருடைய பிரச்சினை வேறு, தண்ணீரைத் தடுக்கிற றப்பர் வளையமான சீல். "சீல் மாத்தினன், திரும்பவும் வந்தது. இன்னொருக்கா மாத்தினன், அதுக்குப் பிறகும் வருது. இப்ப வாற சீல் எல்லாம் போலி அண்ணை."

மூத்தவர் ஒருவர் சீலைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "புரொப்பெல்லரைக் கழட்டி அந்த ஷாஃப்டை நகத்தால தடவிப் பாத்தியா?" என்று கேட்டார். ஷாஃப்ட் என்பது புரொப்பெல்லர் பூட்டுகிற தண்டு. அந்த அடிப்பாகமும் மேசையில்தான் இருந்தது. தடவிப் பார்த்தால் சீலின் உதடு படுகிற இடத்தில் மெல்லிய வளையமாக ஒரு பள்ளம். பள்ளம் விழுந்த ஷாஃப்டில் எந்தப் புதுச் சீலைப் போட்டாலும் அது இறுகாது, தண்ணீர் போய்க்கொண்டுதான் இருக்கும். பிறகு அவர் புரொப்பெல்லருக்குப் பின்னால் சிக்கி இறுகிப்போயிருந்த தங்கூசியை, அதாவது மீன்பிடி நைலோன் நூலை, குறடால் இழுத்து எடுத்துக் காட்டினார். கடலில் அறுந்து கிடக்கிற தங்கூசி சுழலும் ஷாஃப்டில் சுற்றி உள்ளே போய்ச் சீலை வெட்டும். புதுச் சீல் போடுவதற்கு முன் அதை எடுக்காவிட்டால் அந்தச் சீலும் வெட்டுப்படும்.

மூதூரிலிருந்து வந்த நானா ஒருவர் இன்னொன்று சேர்த்தார். பூட்டிய பிறகு ஒயில் ஊற்றுவதற்கு முன், ஒயில் துளையால் பம்பில் குறைந்த அழுத்தத்தில் காற்று அடித்து, அடிப்பாகத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் பிடித்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பாராம். குமிழி வரும் இடம்தான் ஒழுகும் இடம். கடலில் விட்டுப் பார்த்து, திரும்ப வந்து, மறுபடி பிரிக்கிற வேலை மிச்சம். அப்போது வேறொருவர் ஒயில் வடிக்கும் ஆணியின் சின்ன வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும் என்பதை ஞாபகப்படுத்தினார்.

ஒரு கேள்விக்கு மூன்று பேரிடமிருந்து மூன்று வேறு அறிவு வந்தது. கேட்ட பொடியனுக்கு அடுத்த நாளே அது காசாகப் பயன்பட்டிருக்கும். அவர் அடுத்த கூட்டத்துக்கு நண்பர் ஒருவரையும் கூட்டிவந்தார்.

இந்தக் கூட்டத்தை நடத்துபவர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். கேள்வி கேட்டவரைப் பார்த்து "இது கூடத் தெரியாதா?" என்று யாராவது சொன்னால் உடனே தடுத்துவிடுங்கள். அந்த ஒரு வசனம் பத்துப் பேரின் வாயை மூடிவிடும். மூத்தவர் ஒருவரே ஒரு மணி நேரம் பேசப் பார்த்தால், "ஐயா, அதைச் செய்து காட்டுங்கோ" என்று பாகத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். கை வேலை செய்யத் தொடங்கினால் பேச்சு தானாகச் சுருங்கும், மற்றவர்களும் கிட்ட வருவார்கள். இரண்டு பேர் எதிரெதிரான வழி சொன்னால் யார் சரி என்று தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள். இரண்டையும் எழுதிக்கொண்டு, அடுத்த மாதத்துக்குள் ஒருவர் செய்து பார்த்துச் சொல்வதாக முடித்துவிடுங்கள்.

ஒரு மாதம் மூத்தவர்களின் விஷயம் என்றால் அடுத்த மாதம் இளையவர்களின் விஷயமாக இருக்கட்டும். பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற எஞ்சினைப் பற்றி, நிறுத்துமுன் ஏன் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றி ஓடவிட வேண்டும், கார்பரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கினால் அடுத்த நாள் காலை என்ன பாடு என்பதெல்லாம் மூத்தவர்கள் சொல்லட்டும். நிலாவெளியில் சுற்றுலாப் பயணிகளைப் புறாத்தீவுக்கு ஏற்றும் படகுகளில் இப்போது வருகிற நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினையும் அதன் மின்னணு எரிபொருள் அமைப்பையும் பற்றி இளையவர்கள் சொல்லட்டும். கற்றுக்கொடுப்பது ஒரு பக்கமாகவே இருந்தால் மறுபக்கத்தில் இருப்பவர் மெல்ல வராமல் விட்டுவிடுவார்.

தொழில் இரகசியம் என்றால்?

"நான் கஷ்டப்பட்டுப் பழகினதை ஏன் பக்கத்துக் கடைக்காரனுக்குச் சொல்லோணும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், அதைச் சுயநலம் என்று ஒதுக்காதீர்கள். அந்த ஆளின் சோறு அதில்தான் இருக்கிறது.

எல்லோருக்கும் ஒரேயடியாக நன்மை வருகிற விஷயங்களில் தொடங்குங்கள். போலி உதிரிப்பாகம் நல்ல உதாரணம். எஞ்சினுக்குக் குளிர்த் தண்ணீரை ஏற்றுகிற றப்பர்ச் சக்கரமான இம்பெல்லரில் போலி ஒன்று ஊருக்குள் வந்தால் எல்லா மெக்கானிக்கின் பெயரும்தான் கெடும். குளிரூட்டும் தண்ணீர் சரியாக ஏறாமல் எஞ்சின் சூடேறிப் பிடித்தால் வள்ளக்காரர் பாகத்தைக் குறை சொல்லமாட்டார், பூட்டியவரைத்தான் சொல்வார். ஆகவே நல்லதையும் போலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, றப்பரின் தன்மை, அச்செழுத்து, பொதியின் வித்தியாசம் என்று காட்டுவதில் யாருக்கும் நட்டமில்லை. பாதுகாப்பும் அப்படித்தான். கடலுக்கு நடுவில் எஞ்சின் நின்றுபோகாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும் என்பது உயிர் சம்பந்தப்பட்டது, அதை யாரும் மறைக்கமாட்டார்கள். இவற்றில் ஆறேழு மாதம் பழகிய பிறகு மற்றதெல்லாம் தானாக வெளியே வரும்.

காசு தராமல் இழுத்தடிக்கிற வாடிக்கையாளர்களின் பெயரைச் சங்கத்தில் பட்டியல் போடும் யோசனை எப்படியும் ஒரு நாள் வரும். வேண்டாம். பொய்யாகவோ மிகைப்படுத்தியோ ஒரு பெயர் வந்துவிட்டால் வழக்கு வரை போகும், ஊருக்குள் பகையும் வளரும்.

நாள், இடம், மொழி

திருகோணமலையில் இதைக் கவனிக்காமல் எந்தச் சங்கமும் நிலைக்காது.

வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ, ஞாயிறு காலை தேவாலயம். மாலைக் கூட்டம் என்றால் மஃரிபுத் தொழுகைக்கு முன் முடியவேண்டும், இல்லாவிட்டால் தொழுகை முடிந்த பிறகு தொடங்க வேண்டும். நோன்பு மாதத்தில் கூட்டமே வேண்டாம், அல்லது இஃப்தாரோடு சேர்த்து வைத்துவிடுங்கள். பூரணை தினம் விடுமுறைதானே என்று அந்த நாளைக் குறிக்கிறவர்கள் உண்டு. சிங்கள நண்பர்கள் விகாரைக்குப் போவார்கள். தவிர நிலாக் காலத்தில் இரவுத் தொழில் குறைவதால் எஞ்சின்கள் கரைக்கு வரும், மெக்கானிக்குக்கு வேலை கூடும் நாட்கள் அவை.

வருடக் கணக்கையும் பாருங்கள். மார்ச், ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரை எங்கள் கடல் அமைதியாக இருக்கும் காலம். மேற்குக் கரையிலிருந்தும் மீனவர்கள் இங்கே வருவார்கள், சுற்றுலாவும் அப்போதுதான் சூடு பிடிக்கும். அந்த மாதங்களில் கேள்விக் கூட்டத்தை மட்டும் சுருக்கமாக நடத்துங்கள். பொதுக்கூட்டம், பயிற்சி, யாப்புத் திருத்தம் போன்ற நேரமெடுக்கும் வேலைகளை வாடைக் காலத்துக்கு, நவம்பர் முதல் ஜனவரி வரை, ஒதுக்கிவையுங்கள். மழைதான், ஆனால் ஆக்கள் ஓய்வாக இருப்பார்கள்.

இடத்தைச் சுழற்றுங்கள். எப்போதும் நகரத்திலேயே வைத்தால் புல்மோட்டைக்காரர் ஒரு முழு நாளை இழக்கிறார். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகு மூதூர்ப் பக்கம் போய்வருவது எவ்வளவோ லேசாகிவிட்டது. நகரத்தவர்களும் ஒருமுறை அந்தப் பக்கம் போகத்தான் வேண்டும். ஒரு மாதம் நகரம், ஒரு மாதம் கிண்ணியா அல்லது மூதூர், ஒரு மாதம் நிலாவெளி அல்லது குச்சவெளி.

அறிவித்தலைத் தமிழிலும் சிங்களத்திலும் போடுங்கள். கொட்பே மீன்பிடித் துறைமுகப் பக்கம் வேலை செய்கிற சிங்கள மெக்கானிக்மாரிடம் பெரிய பலநாள் படகுகளின் டீசல் எஞ்சின் அனுபவம் இருக்கிறது. அவர்களைச் சேர்க்காத சங்கம் பாதி அறிவை வெளியே விட்டுவிட்ட சங்கம்தான். எஞ்சினைச் சுற்றி நிற்கும்போது மொழி பெரிய தடையாக இருக்காது. பாகங்களின் பெயர் எல்லோருக்கும் ஒன்றுதான்.

வாட்ஸ்அப் குழு

இருக்கட்டும், ஆனால் அதையே சங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு குழு வையுங்கள். ஒன்று அறிவித்தலுக்கு, நிர்வாகிகள் மட்டும் எழுதக்கூடியது. மற்றது வேலைக் கேள்விக்கு மட்டும். காலை வணக்கம், அரசியல், மரண அறிவித்தல் எல்லாம் இரண்டாவதில் வந்தால் ஒரு மாதத்தில் வேலைக்காரர் குழுவை மௌனமாக்கிவிடுவார்கள். தட்டச்சு பழகாத மூத்தவர்களிடம் குரல் பதிவு போடச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிறவர்கள் பேசத் தயங்குவதில்லை.

நான்காம் படி: எழுதி வையுங்கள்

ஒவ்வொரு கேள்விக் கூட்டத்துக்கும் ஒரு பக்கம். கேள்வி, கண்ட காரணம், செய்த வழி, சொன்னவரின் பெயர். பெயர் கட்டாயம் வேண்டும். தன் பெயர் எழுதப்படுகிறது என்று தெரிந்தால் மனிதர் கவனமாகச் சொல்வார், அடுத்த முறையும் சொல்வார். படத்தைப் போனில் எடுத்து ஒட்டிவிடுங்கள்.

எழுத நேரமில்லை என்றால் பிள்ளைகளிடம் உதவி கேளுங்கள். நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது, அங்கே தொடர்பாடல், வணிகக் கற்கைப் பீடம் உண்டு. மூத்த தொழில்காரர்களின் அறிவைப் பதிவுசெய்வது அங்குள்ள மாணவர்களுக்கும் நல்ல பயிற்சி. துறைத் தலைவருக்கு முறையாக ஒரு கடிதம் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் எத்தனையோ பெரிய கைகாரர்கள் ஒரு வரி கூட எழுதிவைக்காமல் போய்விட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்ததை இப்போது யாரிடம் போய்க் கேட்பது?

ஐந்தாம் படி: இளையவர்களுக்கு ஒரு உறுதியான பயன்

கேள்விக் கூட்டம் இளையவர்களை வரவைக்கும். அங்கத்தவராக நிலைக்கவைக்க இன்னும் ஒன்று வேண்டும். அதற்கு நான் சிபாரிசு செய்வது தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ், ஆக்கள் சொல்கிற மாதிரிச் சொன்னால் என்.வி.கியூ.

எங்கள் பக்கத்து மெக்கானிக்மாரில் பெரும்பாலோர் வகுப்பில் படித்தவர்கள் இல்லை. கராஜில் கையாளாகச் சேர்ந்து பழகியவர்கள். அவர்களுக்கும் சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்ற முறையில், பயிற்சி நெறிக்குப் போகாமலே, செய்துவந்த வேலையை நிரூபித்து மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். நைற்றா என்று சொல்லும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையில் விசாரியுங்கள். உங்கள் தொழிலுக்குரிய தகைமைத் தரம் எது, எந்த மட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம், கட்டணம் எவ்வளவு என்று முதலில் தெரிந்துகொண்டு வந்து அங்கத்தவர்களிடம் சொல்லுங்கள்.

தனி ஆள் இதற்கு அலைவது கஷ்டம், சங்கமாகப் போனால் லேசு. வேலை செய்த ஆதாரங்களைச் சேர்ப்பது, படங்களை ஒழுங்குபடுத்துவது, படிவம் நிரப்புவது எல்லாவற்றையும் ஒரே நாளில் பத்துப் பேருக்குச் செய்து முடிக்கலாம். மதிப்பீட்டுக்கு முன் மூத்தவர் ஒருவர் முன்னிலையில் ஒரு ஒத்திகையும் வைக்கலாம். இந்த ஒரு வேலையைச் செய்துமுடித்த சங்கத்தைத் தேடி இளையவர்கள் தாங்களே வருவார்கள்.

"சான்றிதழ் எடுத்துக் கொடுத்தால் வெளிநாடு போயிடுவாங்கள்" என்று மூத்தவர்கள் சொல்வார்கள். போவார்கள்தான். வீட்டுக் கஷ்டம் அவரவருக்குத் தெரியும், நாங்கள் மறிக்கக்கூடாது. போகிறவரை வெளிநாட்டு அங்கத்தவராக வைத்துக்கொள்ளுங்கள். புதிய வகை எஞ்சினில் அங்கே கை பழகும் ஒருவர் ஒரு குரல் பதிவில் சொல்லக்கூடியது இங்கே பலருக்குப் பயன்படும்.

பெண்களையும் மறக்காதீர்கள். பல கராஜ்களில் கணக்கைப் பார்ப்பதும் உதிரிப்பாகம் ஓடர் பண்ணுவதும் வீட்டுப் பெண்கள்தான். எந்தப் பாகம் எவ்வளவு காலத்தில் திரும்பி வருகிறது என்பது அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். அவர்களை அங்கத்தவராக்க யாப்பு தடையாக இருந்தால் திருத்துங்கள்.

கடைசிப் படி: காகிதமும் காசும்

ஐந்தாறு கேள்விக் கூட்டம் நடந்து, தொடர்ந்து வருகிற ஆக்கள் யார் என்று தெரிந்த பிறகுதான் இதற்கு வாருங்கள்.

சங்கம் எங்கே பதியப்பட்டது என்று பாருங்கள். தொழிற்சங்கமாகப் பதிந்திருந்தால் 1935ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், கூட்டுறவுச் சங்கமாக இருந்தால் 1972ஆம் ஆண்டுச் சட்டம், தொண்டர் அமைப்பாக இருந்தால் 1980ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். பல சிறிய சங்கங்கள் பிரதேச செயலக மட்டத்தில் மட்டும் பதிந்திருக்கும். நகரம், உப்புவெளிப் பக்கம் என்றால் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம், நிலாவெளி என்றால் குச்சவெளி. பழைய பதிவு இலக்கத்தோடு போய்க் கேட்டால் புதுப்பிப்பதற்கு என்ன வேண்டும் என்று சொல்வார்கள். பதிவு இலக்கம் கிடைக்கவில்லை என்று புதுப் பெயரில் ஒரு சங்கம் பதிய அவசரப்படாதீர்கள். ஒரே ஊரில் இரண்டு சங்கம் நின்றால் அதிகாரிகள் இரண்டையும் கணக்கெடுக்கமாட்டார்கள்.

வங்கிக் கணக்கை உடனே விசாரியுங்கள். பத்து வருடம் கொடுக்கல் வாங்கல் ஒன்றும் இல்லாத கணக்கை, கைவிடப்பட்ட சொத்து என்று மத்திய வங்கிக்கு மாற்றும் நடைமுறை இருக்கிறது. மாற்றியிருந்தாலும் உங்கள் வங்கியூடாக உரிமை கோரலாம், பயப்பட வேண்டாம். கையொப்பமிடுபவர்களை மாற்றப் பொதுக்கூட்டத் தீர்மானத்தின் பிரதி கேட்பார்கள். பழைய கையொப்பக்காரர் காலமாகியிருந்தால் இறப்புச் சான்றிதழ்ப் பிரதியும் கைவசம் இருக்கட்டும்.

யாப்பில் இரண்டு இடத்தைத் திருத்தினால் போதும். ஒரே ஆள் ஒரே பதவியில் தொடர்ந்து எத்தனை வருடம் இருக்கலாம் என்ற எல்லை. பிறகு நிறைவெண், அதாவது கூட்டம் செல்லுபடியாக ஆகக்குறைந்தது எத்தனை பேர் வரவேண்டும் என்ற கணக்கு. பட்டியலில் இருக்கிற எல்லாரையும் வைத்து நிறைவெண் கணக்கிட்டால் ஒரு கூட்டமும் செல்லுபடியாகாது. சந்தா கட்டுகிற அங்கத்தவர்களை வைத்துக் கணக்கிடுங்கள்.

சந்தாவை மலிவாக வையுங்கள், ஆனால் கட்டாயம் வாங்குங்கள். பழைய நிலுவை முழுவதையும் கேட்டால் ஒருவரும் திரும்பி வரமாட்டார்கள். பொதுக்கூட்டத் தீர்மானத்தோடு பழையதைத் தள்ளுபடி செய்துவிட்டு, இந்த மாதத்திலிருந்து என்று தொடங்குங்கள். தேத்தண்ணிக்கும் பணிஸுக்கும் போன செலவைக் கூட ஒவ்வொரு கூட்டத்திலும் வாசியுங்கள். கணக்கு வாசிக்கப்படுகிற இடத்தில் சந்தேகம் வளராது.

பொதுக்கூட்டத்தில் நிர்வாகத் தெரிவு வரும்போது தலைவர் பதவிக்கு மூத்தவர் ஒருவரையும் உப தலைவர் பதவிக்கு இளையவர் ஒருவரையும் முன்மொழியச் சொல்லுங்கள். செயலாளருக்கும் பொருளாளருக்கும் இதேபோல வயது மாற்றிச் சோடி சேருங்கள். தெரிவு முடிந்ததும் புதிய நிர்வாகிகளின் பட்டியலை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றைப் பிரதேச செயலகத்தில் கொடுத்து, மற்றதில் கிடைத்த திகதியோடு சீல் வாங்கிக் கோவையில் போடுங்கள். அடுத்த கேள்விக் கூட்டம் யாருடைய கராஜில், என்ன பாகம் மேசையில் இருக்கப்போகிறது என்பதை அந்தப் பொதுக்கூட்டம் கலைவதற்கு முன்னரே அறிவித்துவிடுங்கள்.